எலிகளுக்குக் கொடுத்த கூட்டு மருந்தும் தம்பிக்கு வாங்கிய ஐந்து குப்பிகளும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 28. இரண்டு வயதில் காய்ச்சலின்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்த வலிப்பு ஒன்று அவனுக்கு வந்தது. அதன் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவனுக்கு 16 வயதில் வலிப்பு நோய் தொடங்கியது. எம்.ஆர்.ஐ. படத்தில், நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் இடப்பக்கத்தில் சுருங்கி வடுவாக இருப்பதாகச் சொன்னார்கள். கார்பமசெபைன், லெவெடிரசெட்டம் இரண்டையும் தவறாமல் சாப்பிட்டும், மாதத்தில் மூன்று நான்கு முறை நினைவு மங்கிப் போகிறது. எலிகளுக்கு, உடலை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் இரண்டு ஆன்டிஆக்சிடன்ட் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது வலிப்பு குறைந்ததாகப் படித்தேன். அதை நம்பி வைட்டமின் ஈ, என்-அசிட்டைல் சிஸ்டீன், சல்ஃபோராஃபேன், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் ஆகிய ஐந்தையும் வாங்கினேன். அவற்றில் என்-அசிட்டைல் சிஸ்டீனையும் குர்குமினையும் பத்து நாட்களாகக் கொடுத்து வருகிறேன். மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை. மற்ற மூன்றையும் சேர்க்கலாமா? பலன் தெரிந்தால் கார்பமசெபைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைக் கேட்காமல் கார்பமசெபைனை அரை மாத்திரைகூடக் குறைக்க வேண்டாம். அந்த மருந்து உடலில் திடீரெனக் குறைந்தால், ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது தொடங்கும் தொடர் வலிப்பு நிலைக்கு உங்கள் தம்பி போய்விடக்கூடும். நீங்கள் படித்த ஆய்வில் எலிகளுக்கு வலிப்பு நோயை உண்டாக்க ஆராய்ச்சியாளர்கள் கையாண்ட வழியே அந்தத் தொடர் வலிப்புதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி ஆய்வுக்கு வருகிறேன். நீங்கள் அதைத் தவறாகப் படிக்கவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவுகள், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நோயாளிகளைப் பார்த்து வரும் எனக்கும் உண்மையான நம்பிக்கையைத் தந்தவை. தொடர் வலிப்புக்கு ஆளான எலிகளுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, அவற்றில் 40 சதவீத எலிகளுக்குப் பின்னாளில் தானாக வரும் வலிப்பு வரவே இல்லை. இன்று நம்மிடம் உள்ள வலிப்பு மருந்துகள் வலிப்பை அடக்குகின்றனவே தவிர, மூளைக் காயத்துக்குப் பிறகு நோய் உருவாவதைத் தடுப்பவை என்று மனிதரில் நிறுவப்பட்ட மருந்து ஒன்றும் இல்லை. ஆகவே அந்த 40 சதவீதம் சிறிய செய்தியன்று.

அங்கே சேர்க்கப்பட்டவை எவை, ஏன் சேர்க்கப்பட்டன என்பதில்தான் உங்கள் ஐந்து குப்பிகளுக்கான பதில் இருக்கிறது. நீண்ட வலிப்பின்போது நரம்பணுக்களிடையே குளூட்டமேட் என்ற தூண்டும் பொருள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. அதனால் நரம்பணுவுக்குள் கால்சியம் பெருகுகிறது; ‘என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ்’ என்ற நொதியும், அணுவின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாக்களும் வினைவேகம் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உமிழத் தொடங்குகின்றன. அவை கொழுப்புச் சவ்வையும் புரதங்களையும் மரபுப் பொருளையும் அரிக்கின்றன. இயல்பான நிலையில் குளூட்டதயோன் முதலிய காவல் பொருள்கள் இந்த அரிப்பைத் தடுத்துவிடும். நீண்ட வலிப்பில் உற்பத்தி மிகுந்து, காவல் பொருள் தீர்ந்துபோகிறது. லண்டன் ஆய்வாளர்கள் இந்த இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள்: ஒரு மருந்து அந்த நொதியைத் தடுத்து உற்பத்தியைக் குறைத்தது, மற்றொன்று ‘என்.ஆர்.எஃப்.2’ என்ற புரதத்தை விடுவித்து, மூளை தன் காவல் பொருள்களைத் தானே கூடுதலாகச் செய்துகொள்ளும்படி மரபணுக்களை எழுப்பியது. வேறு வேறு இடங்களில் வேலை செய்வதால்தான் அவை இணைக்கப்பட்டன. எண்ணிக்கையைக் கூட்டும் நோக்கம் அங்கே இல்லை.

மேலும், அந்த இரண்டும் ஊட்டச்சத்து மாத்திரைகள் அல்ல. முதலாவது, ஆய்வுக்கூடத்தில் பயன்படும் ஒரு வேதிப்பொருள். மனிதருக்கான மருந்தே அன்று. இரண்டாவது ஆர்.டி.ஏ.408; ஒமாவெலாக்சலோன் என்ற பெயரில் அதற்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அனுமதி ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா என்ற அரிய பரம்பரை நரம்பு நோய்க்கானது, வலிப்புக்கானது அன்று. அது கிடைத்தாலும் உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. கார்பமசெபைன் கல்லீரல் நொதிகளைத் தூண்டி அந்த மருந்தை விரைவில் உடைத்துவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

உங்கள் குப்பிகளுக்கு நெருக்கமான ஆய்வு வேறொன்று. மிலான் நகரத்து மாரியோ நெக்ரி மருந்தியல் ஆய்வு நிறுவனத்திலிருந்து அன்னமரியா வெஸ்ஸானியின் குழு 2017-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தொடர் வலிப்புக்குப் பிந்திய இரண்டு வாரங்கள் மட்டும் எலிகளுக்கு என்-அசிட்டைல் சிஸ்டீனும் சல்ஃபோராஃபேனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. குளூட்டதயோன் கட்டப்படுவதற்கு வேண்டிய மூலப்பொருளை முதலாவது நேரடியாகத் தருகிறது. இரண்டாவது, மேலே சொன்ன என்.ஆர்.எஃப்.2 வழியாக மரபணுக்களை எழுப்புவதால் மெதுவாகத் தொடங்கி நீண்டு நிற்கிறது. தனித்தனியாகக் கொடுத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது மூளையில் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது மேலே சொன்ன அரிப்பு, நன்றாகத் தணிந்தது. நோய் தொடங்குவது தாமதமாயிற்று. ஐந்தாம் மாதத்தில் அளந்தபோது வலிப்புகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களின் இழப்பும் நினைவாற்றல் குறைபாடும் குறைந்தன. ஆனால் நோய் வந்த எலிகளின் விகிதம் மாறவில்லை. ஒவ்வொரு வலிப்பும் நீடித்த நேரமும் மாறவில்லை. வர வேண்டிய நோய் வந்தது, மென்மையாக வந்தது.

இந்த ஆய்வில் என் மனம் அதிகம் நிற்பது மருந்துகளிடம் அல்ல, அவை கொடுக்கப்பட்ட காலத்திடம். மூளை காயப்பட்ட நாளுக்கும் முதல் வலிப்பு தானாக வரும் நாளுக்கும் இடையே வெளியே ஒன்றும் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. எலிகளுக்கு அது சில நாட்கள் அல்லது வாரங்கள். மனிதருக்கு அது ஆண்டுகளாகவும் இருக்கலாம். உங்கள் தம்பிக்கு இரண்டு வயதில் வந்த அந்த நீண்ட வலிப்புக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட 14 ஆண்டுகளே பெரும்பாலும் அவருடைய இடைவெளியாக இருந்திருக்க வேண்டும். மிலான் எலிகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது அந்த இடைவெளியின் தொடக்கத்தில்; உங்கள் தம்பியோ அதைக் கடந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. இதைப் படிக்கும்போது, அன்றே ஏதாவது கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்கும் உங்கள் பெற்றோருக்கும் தோன்றினால் தயவுசெய்து அந்த எண்ணத்தை வளரவிடாதீர்கள். அன்று உலகில் எந்த மருத்துவரிடமும் அப்படி ஒரு மருந்து இல்லை. இன்றும் இல்லை.

இடைவெளி முடிந்துவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. லண்டன் ஆய்வில், ஏற்கெனவே நாள்பட்ட வலிப்பு நோய் வந்துவிட்ட எலிகளுக்கு அந்தக் கூட்டு மருந்தைக் கொடுத்தபோதும் நோயின் கடுமை குறைந்தது. ஒவ்வொரு வலிப்பும் புதிதாகச் சிறிது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கி அடுத்த வலிப்புக்கு இடம் தருகிறது என்ற கருத்துக்கு அது வலுவூட்டுகிறது. உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்கு இந்த ஆராய்ச்சி திறந்து வைத்திருக்கும் கதவு அதுதான். ஆனால் அந்தக் கதவைத் திறந்தது நான் முன்னே சொன்ன இரண்டு பொருள்கள். நீங்கள் வாங்கிய ஐந்தும் அல்ல.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 500 மில்லிகிராம் என்-அசிட்டைல் சிஸ்டீன் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடைக்கு எடை பெருக்கினால் 60 கிலோ மனிதருக்கு 30 கிராம் வரும். அது தவறான கணக்கு. உடற்பரப்பை ஒட்டி மாற்றுவதற்கு எலியின் அளவை ஏறக்குறைய 6.2-ஆல் வகுக்க வேண்டும். அப்போது ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராம், அதாவது நாளொன்றுக்கு 5 கிராமை ஒட்டி வரும். இது 600 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்குச் சமம். அந்த எட்டையும் விழுங்கினாலும், வாய்வழி எடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மாறாத வடிவில் இரத்தத்தைச் சேர்கிறது. எலிகளுக்கோ மருந்து ஊசி வழியாக உடலுக்குள் செலுத்தப்பட்டது. நீங்கள் கொடுக்கும் அளவு, எலியின் மூளையில் நடந்ததைத் தம்பியின் மூளையில் நடத்தப் போதாது. போதும் அளவுக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மனிதரில் இந்த நோய்க்காக முறையாகச் சோதித்தாக வேண்டும்.

விலங்கில் கிடைத்த முடிவு மனிதரிடம் அப்படியே வந்து சேர்வதில்லை என்பதற்கு வைட்டமின் ஈ-யின் வரலாறே சான்று. மூளைக்குள் இரத்தம் கசிந்தால் அதிலுள்ள இரும்பு வலிப்பை உண்டாக்கும் என்று கருதிய வில்மோர் என்ற நரம்பியலாளர், 1978-இல் எலிகளின் மூளைப் புறணியில் இரும்பு உப்பைச் செலுத்தி அதை மெய்ப்பித்தார். முன்கூட்டியே வைட்டமின் ஈ கொடுத்தால் அந்தப் பாதிப்பு தடுக்கப்படுவதும் பின்னர் தெரிந்தது. 1989-இல் 24 குழந்தைகளிடம் நடந்த சிறு சோதனையில், வழக்கமான மருந்தோடு வைட்டமின் ஈ பெற்ற 12 பேரில் 10 பேருக்கு வலிப்பு குறைந்தது. மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் நடந்து 1994-இல் வெளியான மற்றொரு சோதனையில், வைட்டமின் ஈ-க்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வைட்டமின் ஈ-க்கு வேதியியலில் நெருக்கமான வாட்டிக்வினோன் என்ற மருந்தும், மைட்டோகாண்ட்ரியக் கோளாறால் வலிப்பு வரும் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். உங்கள் தம்பி சாப்பிடும் லெவெடிரசெட்டம், புதிய வலிப்பு மருந்துகளை வடிகட்டப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்ட இரண்டு விலங்குச் சோதனைகளிலும் பயனற்றதாகவே தெரிந்தது. வேறு வகை விலங்கு மாதிரிகளில் அதைச் சோதித்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது. எனவே எலி ஆய்வைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த எலி, எந்தக் காயம், எந்த நேரம் என்று கேட்டுவிட்டே அதை நம்ப வேண்டும் என்கிறேன். ஆய்வுக்கூட எலிகள் ஒரே வயதுடையவை, ஒரே வகைக் காயம் பட்டவை, ஒரே காலக்கணக்கில் மருந்து பெற்றவை. என் அறைக்கு வரும் இருவர்கூட அப்படி ஒத்திருப்பதில்லை.

இனி உங்கள் கையிலுள்ள குப்பிகள். அவற்றில் என்னை உடனே கவலைப்படுத்துவது குர்குமினோடு சேர்ந்துள்ள மிளகுச் சத்தான பைப்பரின். குர்குமின் உடலில் நன்றாக உறிஞ்சப்பட வேண்டும் என்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள்; மருந்துகளை உடைக்கும் நொதிகளைத் தடுப்பதால்தான் அது அந்த வேலையைச் செய்கிறது. அதே காரணத்தால் கார்பமசெபைன், ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டின் இரத்த அளவும் பைப்பரினோடு கூடுவது வலிப்பு நோயாளிகளிடமே அளந்து காட்டப்பட்டிருக்கிறது. தம்பிக்குப் பத்து நாட்களில் தலைச்சுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், வழக்கத்துக்கு மீறிய தூக்கம், குமட்டல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்ததா என்று இன்றே கேளுங்கள். வலிப்பு கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தாலும் ஏமாந்துவிட வேண்டாம். அது ஆன்டிஆக்சிடன்டின் வேலையாக இல்லாமல், உயர்ந்துபோன கார்பமசெபைனின் வேலையாகவே இருக்கலாம். அந்த நிலையில் கார்பமசெபைனைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

என்-அசிட்டைல் சிஸ்டீன் எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடும். கார்பமசெபைன் சாப்பிட்டு வந்த ஒருவர் இதை அதிக அளவில் எடுத்தபோது, இரத்தத்தில் கார்பமசெபைன் அளவு குறைந்து அவருக்கு மீண்டும் வலிப்பு வந்ததாக மருத்துவ இதழில் பதிவு உண்டு. அது ஒரே ஒரு நோயாளியின் நிகழ்வு என்பதால் அதை விதியாக்க மாட்டேன். பாராசிட்டமால் நஞ்சுக்கு முறிவாக மருத்துவமனைகளில் உயிர் காக்கும் மருந்தாகவே இதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அதே மருந்து தவறுதலாக மிகை அளவில் இரத்தக் குழாய் வழியே ஏறியபோது ஒரு சிறு குழந்தைக்குத் தொடர் வலிப்பே வந்திருக்கிறது. ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் இன்னும் தெளிவான எச்சரிக்கை: அதை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்குக் கட்டுக்கு அடங்காத வலிப்பு வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வலிப்பைக் குறைக்க வாங்கிய பொருளே அளவு மிஞ்சினால் வலிப்பை வரவழைக்கும் என்பதால், அந்தக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். சல்ஃபோராஃபேன் மாத்திரைகளில் உண்மையில் எவ்வளவு சல்ஃபோராஃபேன் இருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் என்றால் தீங்கில்லாதது என்ற நம்பிக்கையையும் பெரிய மனிதச் சோதனைகள் உடைத்திருக்கின்றன. 1994-இல் வெளியான சோதனையில், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 2011-இல் வெளியான மற்றொரு சோதனையில் நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ பெற்ற ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. வினைவேகம் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அழிப்பவை மட்டுமல்ல. சிறு அளவில் அவை அணுக்களுக்கிடையே செய்தி சொல்பவையும்கூட. அவற்றை எல்லா இடத்திலும் எல்லா நேரமும் அடக்குவது உடலுக்கு நன்மை என்று யாரும் நிறுவவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வி இல்லையே என்று எனக்கு வருத்தம். இரண்டு பொருத்தமான மருந்துகளைப் போதிய அளவில், முறையாக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் என்கிறோம். உங்கள் தம்பியின் அளவுகள் போதுமானவையாக இருந்தால் அவர் அந்த நிலைக்கு வந்துவிட்டார். அவருக்கு மூளையின் ஒரு பக்கத்தில், படத்தில் தெளிவாகத் தெரியும் வடு இருக்கிறது. இந்த வகை நோய்க்கு அறுவை மருத்துவம் இருக்கிறது. 2001-இல் வெளியான சோதனையில், ஹிப்போகேம்பஸ் அமைந்துள்ள பக்கவாட்டு மூளைப் பகுதியான டெம்போரல் மடலிலிருந்து வலிப்பு வரும் நோயாளிகள் 80 பேரில் பாதிப் பேர் அறுவைக்கும் பாதிப் பேர் மருந்துக்கும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஓராண்டு முடிவில் அறுவைப் பிரிவில் 58 சதவீதம் பேரும் மருந்துப் பிரிவில் 8 சதவீதம் பேரும் நினைவு மங்கும் வலிப்பின்றி இருந்தார்கள். இவை எலிகள் அல்ல. உங்கள் தம்பியைப் போன்ற மனிதர்கள். அறுவை எல்லாருக்கும் பொருந்தாது. இடப்பக்கமாக இருப்பதால் பேச்சும் சொல் நினைவும் பாதிக்கப்படுமா என்பதை வலிப்பைப் படம் பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதியும் வீடியோ ஈ.ஈ.ஜி., நினைவாற்றல் பரிசோதனைகள் ஆகியவற்றின் மூலம் முன்கூட்டியே கவனமாகக் கணிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைகள் செய்யும் வலிப்பு நோய் மையத்துக்கு அவரை அனுப்பும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 12 ஆண்டுகளாக மாதம் மூன்று நான்கு முறை நினைவு மங்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வி முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். குர்குமினையும் என்-அசிட்டைல் சிஸ்டீனையும் நிறுத்துவதற்கு முன், இன்றே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நாளிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் வேண்டாம், ஒரு தமக்கையின் கவலை எந்த மருத்துவருக்கும் புரியும். கார்பமசெபைனின் இரத்த அளவை அவர் இப்போது ஒருமுறையும், இரண்டையும் நிறுத்திச் சில நாட்கள் கழித்து மறுமுறையும் பார்க்க விரும்பலாம். ஏனெனில் பைப்பரின் நின்றதும் அந்த அளவு மீண்டும் இறங்கும், இறங்கும் நாட்களில் வலிப்பு கூடவும் இடமுண்டு. அந்த நாட்களில் தம்பி தனியாகக் குளிக்கவோ உயரத்தில் ஏறவோ வண்டி ஓட்டவோ வேண்டாம். வலிப்பு வந்த நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முந்திய இரவின் தூக்கம், மாத்திரை தவறியதா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கை கால் வெட்டும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது தொடங்கினாலோ, காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அப்படிப் போகும்போது ஐந்து குப்பிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.